பெருநாள் சாரமும் படம் வரைந்த பிள்ளையும்

நான் வேலை செய்வதைப் படம் வரைய வந்தவள் என்னை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். என் புருஷனுக்கு வாங்கிய புதுச் சாரம் மடியில் கிடந்தது. கடைச் சாரம் வெறும் துணிதான். இரண்டு தலைப்பையும் சேர்த்துத் தைத்து மூட்டினால்தான் இடுப்பில் உடுக்கலாம். முற்றத்தில் இருந்து மூட்டத் தொடங்கினேன். கொழும்பிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த பெண்பிள்ளை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"உம்மா, அப்படியே இரிங்கோ! ஒங்கள வரையட்டா?"

பொய் சொல்வானேன், சந்தோசமாகத்தான் இருந்தது. கல்பிட்டியில் யார் என்னை உட்கார வைத்துப் பார்த்தார்கள்? நல்ல சாரி உடுக்க ஓடினேன்.

"வேணா உம்மா, அந்தக் கவுனே நல்லம். மஞ்சக் கறையும் வடிவா ஈக்கி."

கறை வடிவாம்! கழுவுகிறவள் நானல்லவா.

ஊசியைத் தூக்கியபடி அசையாமல் இருக்கச் சொன்னாள். இரண்டு தையல் போட்டால், "சீல எடம் மாறிட்டு, பிரிங்கோ" என்பாள். பிரிப்பேன். மறுபடி போடுவேன், மறுபடி பிரிப்பேன். அதற்குள் சோறு அடிப்பிடித்தது. அடுப்பைப் பார்க்க எழும்பினாலும், "அசையாதீங்கோ!"

மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு என் புருஷன் வந்தார்.

"என்ன புள்ள, சாரம் முடிஞ்சா?"

"முடிஞ்சா படம் கெட்டுப் போகுமாம்."

"அப்ப நாளைக்குப் படத்தயா உடுத்துக்கிட்டுப் பள்ளிக்குப் போற?"

அந்தப் பிள்ளை சிரித்தாள். "இன்னும் ரெண்டு நாள்தானே உம்மா. வாப்பாக்குப் பழைய சாரம் ஈக்குந்தானே."

எனக்கு வந்ததே கோபம்.

"வருசம் முழுக்கக் கடல் தண்ணில ஊறின சாரத்தோடயா பெருநாள் தொழுகைக்குப் போகச் சொல்றீங்க? நான் தைக்கிறது நீங்க வரையிறதுக்கில்ல மகள். இந்த மனுசன் உடுக்கிறதுக்கு!"

அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன். ஏசிக்கொண்டே தைத்தேன். அவளையும் ஏசினேன், அடிப்பிடித்த சோற்றையும் ஏசினேன், சும்மா நின்ற ஆட்டையும் விடவில்லை. பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது கடைசி முடிச்சைப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்தேன். அவர் அங்கேயே உடுத்துப் பார்த்தார். தையல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளை மெல்ல வந்து வேறொரு தாளை நீட்டினாள். குனிந்த முதுகு, பக்கத்தில் புகைகிற அடுப்பு.

"மூஞ்சி எங்க? இவ்வளவு பாடுபட்டவளுக்கு ஒரு மூஞ்சி வெக்கேலாதா?" என்று அதற்கும் பாய்ந்தேன்.

புதுச் சாரத்தோடு நின்ற என் புருஷன் எட்டிப் பார்த்தார்.

"மூஞ்சி என்னத்துக்கு? இது நீதான் புள்ள. முதுகே ஏசுது."