யார் விசாவில் யார் போவது

தி.நகர் மாடி ஆபீசில் அந்த விசா ஆலோசகர் என் கணவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் நான் ஒருத்தி இருப்பது அவர் கண்ணில் படவேயில்லை.

"சார், மேடம் வேலைக்குப் போறாங்களா?"

"மேடம் இங்கதான் உக்காந்திருக்கேன், என்னையே கேளுங்க. ஐ.சி.யூ. நர்ஸ். பன்னெண்டு வருஷ சர்வீஸ்."

மனிதர் தண்ணீர் குடித்தார்.

எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. என் கணவரைப் பெருங்குடி ஆபீசிலிருந்து இங்கிலாந்துக்கு மாற்ற அவருடைய ஐ.டி. கம்பெனி தயாராக இருந்தது. நானும் ஆறாவது படிக்கும் மகளும் அவருடைய டிபெண்டண்டாகப் போகலாம். சுலபம்தான். ஆனால் அந்த விசாவில் எத்தனை வருஷம் இருந்தாலும், நிரந்தரமாகத் தங்குவதற்கு அது கணக்கில் வராது. கம்பெனி திரும்பி வா என்றால், மகள் எந்த வகுப்பில் இருந்தாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இன்னொரு வழி என்னுடையது. பரீட்சை எழுதி, அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை வாங்கி, நர்ஸ் விசாவில் போவது. மாதக்கணக்கில் இழுக்கும், ஆனால் அங்கேயே தங்க வழியுண்டு. அதில் அவர்தான் டிபெண்டண்ட். இங்கே வேலையை விட்டு, அங்கே போய்ப் புதிதாகத் தேட வேண்டும்.

எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. மானிட்டர் அலறும்போதே கை நடுங்காதவள், ஒரு பரீட்சைக்கா பயப்படுவேன்? படி இறங்கும்போதே அவரும் சொல்லிவிட்டார்: "உன் வழிதான் சரி. பாப்பா படிப்பு நடுவுல நிக்கக் கூடாது."

டியூட்டிக்கும் சமையலுக்கும் நடுவே படித்தேன். எல்லாம் முதல் தடவையே பாஸ். வேலையும் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், மாதா கோவில் வாசலில் ஆளாளுக்கு என் கணவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். "கம்பெனியே லண்டனுக்கு அனுப்புதாமே! அம்மா சொன்னாங்க." அம்மா என்றது என் மாமியாரை. இவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வந்ததே கோபம்! வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தைகிட்ட என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவங்களா அப்படி நினைச்சுக்கிட்டாங்க. பொண்டாட்டி விசால போறேன்னு எப்படிச் சொல்றது? ஏரியாவே சிரிக்கும்."

"என் விசா வேணும், வெளியில சொல்ல மட்டும் கூசுதா? நீங்களே உங்க வாயால சொல்லுங்க. அதுவரைக்கும் அந்த விண்ணப்பத்த நான் அனுப்ப மாட்டேன்."

சத்தியமாக அனுப்பியிருக்க மாட்டேன். அழுகையும் வந்தது. அவர் பார்க்கட்டும் என்றே அழுதேன்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்குமுன், பூசையில் தங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி சீட்டு எழுதிக் கொடுப்பது எங்கள் பங்குக் கோவிலில் வழக்கம். பூசை தொடங்குமுன் அந்தச் சீட்டை மைக்கில் வாசிப்பார்கள். அதற்கடுத்த ஞாயிறு எங்களுக்கும் ஒரு சீட்டு போயிருந்தது. மாமியார்தான் எழுதியிருப்பார், மகனைப் பற்றிய பெருமையாகத்தான் இருக்கும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மைக்கில் எங்கள் பெயர்கள் வந்தன. "இங்கிலாந்தில் நர்ஸ் வேலை ஏற்கப் போகும் மனைவிக்காகவும், அவருடைய விசாவில் கூடப் போகும் கணவர், மகளுக்காகவும். ஒப்புக்கொடுப்பவர் கணவர்."

நாலைந்து தலைகள் திரும்பின. அவர் தலையைக் குனியவில்லை. மாமியார் மகனை ஒரு பார்வை பார்த்தார், பிறகு என்னை.

கடைசியில் ஃபாதர், "வெளிநாடு போறவங்க ஆசீருக்கு முன்னால வாங்க" என்றார். நான் எழுந்தேன். எழுந்து, கணவர் முதலில் போகட்டும் என்று ஒதுங்கி வழிவிட்டேன். அவ்வளவு சண்டை போட்ட நான்தான்!

மாமியார் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"அவனுக்கு எதுக்கும்மா வழிவிடுற? நீ முன்னால போ. அவன் பின்னால வருவான்."