சிவப்பு டேப் ஒட்டிய ஸ்குரூக்கள்

லண்டன் வெம்பிளியில் என் கட்டிலுக்குக் கீழே ஒரு பை கிடக்கிறது. அதற்குள் பன்னிரண்டு ஐஸ் ஸ்குரூக்கள். சாண் நீள எஃகுக் குழாய், வெளியே மரை, நுனியில் கூரான பற்கள், தலையில் சுழற்ற ஒரு பிடி. உறைந்த அருவியில் ஏறுகிறவர்கள் இதைப் பனிக்கட்டிக்குள் திருகி, அதில் கயிற்றைக் கொழுவுவார்கள். விழுந்தால் ஆளைப் பிடித்து வைத்திருப்பது இதுதான். ஏறி முடிந்ததும் இருவருடைய சாமான்களும் கலந்துவிடும் என்பதால் ஆளுக்கொரு நிறத்தில் டேப் ஒட்டிக்கொள்வது வழக்கம். மஞ்சள் என்னுடையது. சிவப்பு அவளுடையது.

அவள் ஈப்போவிலிருந்து படிக்க வந்து ஆர்ச்வேயில் தங்கிவிட்ட மலேசியத் தமிழ்ப்பெண். என்னைவிட நாலைந்து வயது இளையவள். நான் யாழ்ப்பாணத்தாள். வெயிலில் பிறந்த இரண்டு பேருக்குப் பனியில் போய்த் தொங்க என்ன விசர் என்று எங்கள் சனம் கேட்டது. நியாயமான கேள்விதான். அவளோடு தொங்கப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

லண்டனில் பழகுவதற்குப் பனிக்கட்டிக்கு எங்கே போவது? தோர்ண்டன் ஹீத்தில் எனக்குத் தெரிந்த மீன்கடை அண்ணை ஒருவரிடம் போய் நின்றோம். அவர் தன் குளிர் அறையில் பெரிய வாளிகளில் தண்ணீரை உறைய வைத்துத் தந்தார்.

"மீனுக்கு ஐஸ் கேட்டு வாற சனத்தைப் பாத்திருக்கிறன் தங்கச்சி. ஐஸுக்குத் திருகாணி பூட்ட வாற ஆக்களை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார். போகும்போது அறக்குளா மீன் துண்டு வேறு கட்டித் தந்தார்.

அந்த மீன் மணத்துக்குள்தான் நான் ஸ்குரூ பூட்டப் பழகினேன். அவளுக்கு அது முன்பே தெரியும். நொறுங்குகிற மேற்பனியைக் கோடரியால் வழித்தெறிய வேண்டும். தலைக்கு மேலே எட்டிப் பூட்டாமல் இடுப்பளவில் பூட்டினால்தான் உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தலாம். ஸ்குரூவின் தலை பனியோடு ஒட்டும்வரை திருகுவதை நிறுத்தக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், குழாயின் வாயில் கண் இருக்க வேண்டும். ஸ்குரூ உள்ளே போகப் போக நடுவிலுள்ள பனி குழல்புட்டுப் போல வெளியே வரும். கண்ணாடியாய் இறுகி வந்தால் நல்ல பனி. வெள்ளையாய் உதிர்ந்தாலோ, வருவது நின்றுபோனாலோ, உள்ளே பொந்து இருக்கிறது என்று அர்த்தம். கழற்றிவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

மலையில் அவள் முன்னால் ஏறுவாள், நான் கீழே நின்று கயிறு பிடிப்பேன். "புட்டு வருதோ?" என்று கத்துவேன். "வருது லா!" என்பாள் தன் மலேசியத் தமிழில். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

ஆயுத பூசைக்கு ஸ்குரூக்களை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனது அவளுடைய யோசனை. "எங்க ஊர்ல லாரிக்கே பொட்டு வைப்போம் அக்கா. உசுரக் காப்பாத்துற சாமானுக்கு வைக்கக் கூடாதா?" ஐயர் மலைச் சாமான் என்று கேட்டதும் குளிர்ந்துபோய், தாராளமாகச் சந்தனம் அப்பினார். என் ஸ்குரூக்களின் நுனிப் பற்களுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்ற எனக்குப் பஞ்சி, வெறும் சோம்பல். ஆகவே என் பங்குச் சந்தனம் மூடிக்குப் போனது. அவள் பயபக்தியோடு எல்லா மூடிகளையும் கழற்றி வைத்திருந்தாள். பிறகு அந்தப் பொட்டைத் துடைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

மாசியில் ஸ்கொட்லாந்தில், செங்குத்தான ஓரிடத்தில், அவள் ஸ்குரூ நாலு சுற்றுக்கு மேல் போகவில்லை. புட்டும் வரவில்லை. பக்கத்தில் முயன்றாள், அங்கேயும் அதே கதை. கயிறு கொழுவிய கடைசி ஸ்குரூ அவள் காலுக்கு வெகு கீழே இருந்தது. விழுந்தால் அதற்கும் கீழே போய்த்தான் கயிறு அவளைப் பிடிக்கும். அவள் குழாயை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு என் மஞ்சள் ஒன்றை எடுத்து, நிதானமாகத் திருகி, கயிற்றைக் கொழுவினாள்.

"முருகன் வாய அடைச்சிட்டாரு அக்கா!" என்று மேலிருந்து கத்திச் சிரித்தாள். உள்ளே போன சந்தனம் கல்லாக இறுகிக் குழாயை மூடியிருந்தது. எனக்குச் சிரிப்பு வர அன்று பின்னேரமாகிவிட்டது.

அடுத்த வருடம் அவளுடைய அம்மாவைப் பக்கவாதம் படுக்கையில் போட்டது. ஆறு மாதத்தில் வந்துவிடுவேன், ஸ்குரூக்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பையை என்னிடம் தந்துவிட்டு ஈப்போவுக்குப் போனாள். மூன்று குளிர்காலம் போய்விட்டது. நான் அவளுடையவற்றுக்கும் எண்ணெய் தடவி வைக்கிறேன். வீடியோவில் முகம் தெரிகிறதுதான். ஆனால் எனக்கு வேண்டியது, கயிற்றின் மறுமுனையில் அவள் அசைவதை என் கையால் அறிவது. அதற்கு ஏங்கிப்போய்க் கிடக்கிறேன்.

போன ஆயுத பூசைக்குத் தனியாகப் போனேன். கோயில் வாசலில் நின்று அவளை வீடியோவில் அழைத்து, ஸ்குரூக்களைக் காட்டினேன்.

"மூடி போட்டீங்களா அக்கா?"

"ஓம், எல்லாத்துக்கும் போட்டனான். நீர் எப்ப வாறீர்?"

அவளுக்குப் பின்னால் மின்விசிறி சுழன்றது. உள்ளிருந்து அம்மா எதற்கோ கூப்பிட்டார். "செவப்பு டேப்ப உரிச்சிட்டு மஞ்சள் ஒட்டிக்குங்க அக்கா" என்றாள். "சும்மா கிடந்தா வீணாப் போயிரும் லா."

"எனக்கு ஏலாது" என்றேன். அவள் சிரிக்கப் பார்த்தாள். பிறகு அம்மா மறுபடி கூப்பிட, வைத்துவிட்டாள்.

மாசியில், ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேயத் தாதியோடு ஸ்கொட்லாந்துக்குப் போனேன். இந்த முறை முன்னால் ஏறியது நான். பனி நன்றாக இருந்தது, குழாயிலிருந்து கண்ணாடியாய் வந்துகொண்டேயிருந்தது. "புட்டு வருதோ?" என்று கீழிருந்து கத்தத்தான் ஆள் இல்லை. இறங்கியதும் அவர் பனியில் முழந்தாளிட்டுச் சாமான்களைப் பிரித்தார். தன் நீலத்தை எடுத்தார், மஞ்சளை என் பக்கம் தள்ளினார். சிவப்பு யாருடையது என்று கேட்டார்.

அவள் பின்னால் வருகிறாள் என்றேன்.

அவர் திரும்பிப் பாதையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.