கொசப்பாளையத்துக் கிரேக்கர்

பட்டுச்சேலையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டே தனகோடி கல்யாண வீட்டாருக்குக் கதை சொல்கிறார். "அந்தக் காலத்துல கிரேக்க நாட்டுல, மதுவுக்குன்னு ஒரு சாமிங்க. அதுக்குத் திருவிழா. ஊரே வட்டமா நின்னு பாடிகினு இருக்கும். ஒரு நாள் அதுல ஒருத்தன் மட்டும் தனியா வந்து நின்னு, பாடறவங்களுக்குப் பதில் பேசினான். அவ்ளோதான், நாடகம் பொறந்துட்ச்சி. இந்த பார்டர் பாருங்கம்மா, மயில் கழுத்துக் கலரு." பெண்ணின் அம்மா தலையாட்டுகிறார். கிரேக்கத்துக்கா பார்டருக்கா என்று தனகோடி கேட்பதில்லை, பில் போட்டுவிடுகிறார்.

தறிகள் நிறைந்த கொசப்பாளையத்தில் அவர் பெயரே கிரேக்கம்தான். என்றோ நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தார். அதைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அது அவரை விடவில்லை. ஆடித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் போடுகிறார். நடிகர்களுக்கு முகமூடி, சுற்றி நின்று பாட நெசவாளர்களின் கோரஸ். தறியில் பூ விழவைக்கும் பழைய ஜக்கார்டு அட்டைகளை ஒட்டி முகமூடிகளை அவரே செய்கிறார். அட்டை முழுக்க ஓட்டை என்பதால் கண்ணுக்கென்று தனியாகத் துளைக்க வேண்டியதில்லை என்பதில் தனிப் பெருமை.

"கிரேக்கத்துல பால் வாங்கியார யாருங்க போவாங்க?" என்பார் மனைவி அபிதகுசாம்பாள்.

ஒரே ஒரு கிரேக்கச் சட்டத்தை அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். மேடையில் யாரும் சாகக்கூடாது. சாவு உள்ளே நடக்கும்; தூதன் வந்து சொல்வான். கத்திக்குத்தைப் பார்க்க வந்த ஜனம் போன வருஷம் பாதியில் எழுந்து போனது. விழாக்குழுத் தலைவர் திருமலை இந்த ஆடிக்கு முன்பே சொல்லிவிட்டார்: "இந்த வாட்டியும் எழுந்து போனாங்கன்னா, அடுத்த வருஷம் ஆர்கெஸ்ட்ராதான். பேஜார் பண்ணாத தனகோடி."

ராஜா வேடம் கட்டிய களம்பூர் லாரி டிரைவர் துரையும் முரண்டு பிடித்தார். "நா சாவறத யாரும் பாக்கலன்னா, நா எதுக்குண்ணா சாவணும்?"

கிரேக்கத்தில் ஒரே ஆள் முகமூடியை மாற்றிக்கொண்டு வேறு வேடத்தில் வருவதுண்டு. தனகோடிக்கு அது போதும். "உள்ள போய் செத்துட்டு, ஜல்தியா மூஞ்சிய மாத்திகினு தூதனா வா. உன் சாவ உன்னவிட யாருடா நல்லா சொல்லுவான்?"

திருவிழா ராத்திரி, தூதன் முகமூடியோடு மேடைக்கு வந்து துரை சொன்னார். கத்தி எங்கே இறங்கியது, தண்ணீர் கேட்ட ராஜாவுக்குத் தண்ணீர் எப்படிக் கிடைக்காமல் போனது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ஒருவரும் எழவில்லை. கோரஸை நடத்திக்கொண்டிருந்த தனகோடி அப்போதுதான் மூச்சுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து முன்வரிசை முனியம்மாள் எழுந்தார். இந்தப் பக்கத்துக் கூத்தில் வீரன் விழுந்தால், பார்க்க வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாக வேண்டும். "பொணம் எங்கப்பா? பொணத்தக் காட்டாம எப்படி அழுவறது?"

அவர் பின்னால் இன்னும் சில பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார்கள். உள்ளே பிணம் ஏது? அதுதான் தூதனாக நடுவில் நிற்கிறதே. திருமலையும் எழுந்துவிட்டார்.

கொலையைக் காட்டாத கிரேக்கர்கள் பிணத்தைக் காட்டுவார்கள், சக்கரப் பலகையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து. தனகோடி நழுவித் திரைக்குப் பின்னால் ஓடினார். சாமான் ஏற்றிவந்த தள்ளுவண்டி அங்கே நின்றது. ராஜாவின் முகமூடியை மாட்டி, வண்டியில் மல்லாந்து, வேட்டி ஒன்றைப் போர்த்திக்கொண்டு, "தள்ளுங்கடா" என்றார்.

பெண்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். "அய்ய, இது எங்க வூட்டுக்காரர் காலு!" என்று அபிதகுசாம்பாள் பதறியதை யாரும் காதில் வாங்கவில்லை. தெருக்கோடியில் நின்றவர்களும் அழுகுரல் கேட்டு ஓடிவந்தார்கள். திருமலை உட்காரத் திரும்பினால், அவர் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள்.

ஒப்பாரி ஓங்கியது. அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் கோரஸ் தடுமாறி, பாட்டை எங்கே எடுப்பது என்று தெரியாமல் நின்றது. வேட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ராஜாவின் கால் கட்டைவிரல் மெல்ல அசைந்து தாளம் போடத் தொடங்கியது.