சிவப்பு அம்பு ஒட்டிய சக்கரங்கள்

"இந்த ரேட்டுக்கு இது போதும்மா" என்று யாராவது சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும். சொல்கிறவர் பெரும்பாலும் நல்ல மனுஷராகவே இருப்பார். அதனால் கோபம் இன்னும் ஜாஸ்தியாகும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு ஃபைனல் செக்கிங் வேலை. பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு ஜோடியையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலோ, பசை பிதுங்கியிருந்தாலோ, இடது கால் வலதைவிட ஒரு சாயல் வெளுத்திருந்தாலோ, அந்த இடத்தில் குட்டியாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். அம்பு விழுந்த ஜோடி கப்பல் ஏறாது. சரிசெய்ய முடிந்தால் திரும்ப லைனுக்குப் போகும். முடியாவிட்டால் ரிஜெக்ட்.

ரிஜெக்ட் எங்கே போகும்? எங்கள் ஊர்க் கடைத்தெருவுக்குத்தான். தார்ப்பாய் விரித்துக் குவித்திருப்பார்கள். பாதி ஊர் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறது. என் வீட்டுக்காரர் கல்யாணங்களுக்குப் போடும் கறுப்பு ஷூவுக்கு அம்பு ஒட்டியதே நான்தான். "இதுல இன்னா குறை கண்டுபுடிச்ச நீ?" என்று ஒவ்வொரு முறையும் காலைத் தூக்கிக் காட்டுவார். குறை இருக்கிறது. எங்கே என்று இதுவரை நான் சொன்னதில்லை.

வேலைக்கு நான் சைக்கிளில் போகிறேன். வேலூரில் படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்பிய ஒரு மாணவன் விற்றுவிட்டுப் போன ஃபிக்ஸி சைக்கிள் அது. மற்ற சைக்கிளில் இறக்கம் வந்தால் பெடலைச் சும்மா விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். இதில் முடியாது. சக்கரம் சுற்றினால் காலும் சுற்றும். காலால் எதிர்த்து அழுத்தினால் சக்கரம் அடங்கும். பக்கத்து வீட்டு அம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, "இன்னாமா, நீ அத ஓட்டுறியா, அது உன்ன ஓட்டுதா?" என்றார். அந்தப் பேச்சை ஊர் முழுக்க நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த வண்டியின் உயிர் பின் சக்கரத்தின் நடுவில், ஹப்பில் இருக்கிறது. ஹப்பின் மரையில் பல்சக்கரத்தைத் திருகி, அது கழன்று வராதபடி மேலே ஒரு லாக் ரிங்கை எதிர்த்திசையில் திருகுவார்கள். அந்த மரை மட்டமான உலோகமாக இருந்தால், எதிர்த்து அழுத்துகிற காலுக்கு ஒருநாள் பதில் சொல்லாது.

அப்படி ஒருநாள் வந்தது. காலை ஷிஃப்டுக்குப் போகிறேன். தோல் மண்டி கேட்டிலிருந்து உப்புத்தோல் ஏற்றிய லாரி ஒன்று எனக்கு முன்னால் ரிவர்ஸில் வந்தது. காலை அழுத்தினேன். கரக்கென்று ஒரு சத்தம். பெடல் பின்பக்கமாகச் சுற்றிக்கொள்ள, சக்கரம் தன் பாட்டுக்கு முன்னால் போனது. முன் பிரேக் ஒன்று வைத்திருந்ததால் பிழைத்தேன். டயர் லாரியின் பின்பலகையில் முட்டி நின்றது. தோலில் இருந்து வடிந்த உப்புத் தண்ணீர் என் கைமேல் சொட்டியது. அன்று மாலை ஹப்பைக் கழற்றினால், மரை நகம் பட்டதுமே உதிர்ந்து வந்தது.

வீட்டுக்காரர் கத்தவில்லை. "நம்பி ஏறுற மாதிரி ஒரு வீல் கிடைச்சா ஓட்டு. இல்லன்னா வித்துட்டு கம்பெனி வேன்ல போ" என்றார். நியாயந்தான். ஆனால் வேன் என்றால், நான் எப்போது எழுவது, எப்போது வீடு திரும்புவது எல்லாம் வேன்காரர் கையில். வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவே இருக்கிற அந்தச் சாலை ஒன்றுதான் என்னிஷ்டத்துக்கு நான் போகிற இடம். அதை விடுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, என் லைனில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வேலூர் லாங் பஜாருக்குப் போனேன். நல்ல நிலையில் இருந்த என் பல்சக்கரமும் லாக் ரிங்கும் கைப்பையில். அம்பு ஸ்டிக்கர் தாளும் அதே பையில்தான் கிடந்தது. செக்கிங் பெண்கள் எல்லார் பையிலும் கிடக்கும்.

சைக்கிள் கடை பாய் மூன்று சக்கரங்களை இறக்கி வைத்தார். மூன்றும் மலிவுச் சரக்கு. மூன்றும் கண்ணாடிபோல மின்னின. தோல் பதனிடும் ஊரில் பிழைக்கிறவளுக்கு மினுமினுப்பைக் கண்டால் சந்தேகம்தான் முதலில் வரும். வடு உள்ள தோலுக்குத்தான் எங்கள் ஊரில் பாலிஷ் கூடுதலாக அடிப்பார்கள்.

முதல் சக்கரத்தின் அச்சை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினேன். மணல் அரைபடுவதுபோல் நறநறவென்று இருந்தது. ஒட்டினேன் ஒரு அம்பு. இரண்டாவதில் அச்சு நன்றாகச் சுற்றியது. ஆனால் ரிம்மின் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் நகம் தட்டியது. பின்னாலும் பிரேக் போட்டால், கட்டை ஒவ்வொரு சுற்றுக்கும் அங்கே இடறும். இன்னொரு அம்பு.

"இன்னாமா இது, என் சரக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டுற?" பாய் எழுந்தே விட்டார்.

ட்யூப் வாங்க வந்திருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "பாய், உங்க கடைக்கு ஆடிட் வந்துருக்கு. சேர் போடுங்க."

மூன்றாவது சக்கரத்தின் அச்சு வெண்ணெயில் விரல் சுற்றுவதுபோல் ஓடியது. என் பல்சக்கரத்தைத் திருகினேன். ஆட்டமில்லாமல் கடைசிவரை போய் உட்கார்ந்தது. லாக் ரிங்கும் அப்படியே. கம்பிகளைச் சுண்டினேன். ஒன்று டிங் என்றது, அடுத்தது தொப்பென்றது. கம்பி முறுக்கு சீராக இல்லை. அங்கே ஒரு அம்பு. சக்கரத்தைத் திருப்பி மறுபக்கம் பார்த்தேன். லாக் ரிங்குக்கான மரையே இல்லை. அங்கேயும் ஒரு அம்பு.

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது பிரீவீல் போடுற பக்கம்மா! கால் வலிச்சா வீலைத் திருப்பிப் போட்டு, பெடலைச் சும்மா விட்டுட்டுப் போலாம். அந்தப் பக்கத்துக்கு லாக் ரிங்கே தேவையில்ல. இதுகூடத் தெரியாம வந்து ஸ்டிக்கர் ஒட்டுது பாரு!"

என்னோடு வந்தவள் என் தோளில் இடித்தாள். "அக்கா, இது ஷூ இல்லக்கா. ஜோடி பாக்காத."

அவள் சொன்னது சரி. இடதும் வலதும் ஒன்றாக இல்லாவிட்டால் என் கை தானாக ஸ்டிக்கரைத் தேடும். அந்த அம்பை உரித்தேன். பெரியவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

பாய்க்கு அது போதுமாக இருந்தது. "மீதியும் இப்படித்தான். எல்லாத்தையும் எடுத்துடு. இந்த ரேட்டுக்கு இது போதும்மா."

காது சூடாகிவிட்டது.

"பாய், அது என் தப்பு, எடுத்துட்டேன். மீதி உங்க தப்பு, அது இருக்கட்டும். நான் கம்மி ரேட்டுக்கு வாங்குறேன்னு லாரி கம்மியாவா வந்து மோதும்?"

பெரியவர் மெல்ல, "அந்தக் கேள்விக்கு பதில் சொல்லுங்க பாய்" என்றார்.

பாய் ஸ்பேனர் எடுத்து முதல் சக்கரத்தின் அச்சைத் தளர்த்தினார். என்னைப் பொய்யாக்கிவிட வேண்டும் என்கிற வேகம் கையில் தெரிந்தது. உள்ளே கிரீஸே வைக்காமல் இறுக்கியிருந்தார்கள். பேரிங் பால்ஸ் ஓடுகிற தடத்தில் அதற்குள் குழி விழுந்திருந்தது. அதை ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"மூணாவத எடுத்துக்கறேன் பாய். கோட்டம் எடுத்துக் கொடுங்க. இங்கயே, என் கண்ணு முன்னாடி."

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா பேஜாரு" என்று முனகிக்கொண்டே சக்கரத்தைக் கோட்டம் பார்க்கிற கவையில் மாட்டினார். ஆனால் உட்கார்ந்த பிறகு அவசரப்படவில்லை. கம்பி கம்பியாகத் திருகுவதும், சுண்டிக் கேட்பதும், சுற்றிப் பார்ப்பதுமாக இருந்தார். டீ வந்தபோது எங்களுக்கும் சேர்த்தே வந்திருந்தது. முடித்துவிட்டு, "நீயே சுண்டிப் பாரு" என்று என்னிடம் தள்ளினார். சுண்டிப் பார்த்தேன். ஒரே குரல். கம்பியில் ஒட்டிய அம்பை நானே உரித்தேன்.

கிளம்பும்போது இரண்டாவது சக்கரத்தைக் காட்டினார். "அதுலயும் எடுத்துட்டுப் போம்மா. யாவாரம் கெட்டுடும்."

"அந்த ரிம் மாறிடுச்சா பாய்?"

"மாறல."

"அப்ப அம்பும் மாறாது."

அவர் அந்தச் சக்கரத்தை ஆணியில் மாட்டினார், அம்பு சுவரைப் பார்க்கும்படி. நான் படியேறிப் போய், அதைத் திருப்பித் தெருவைப் பார்க்க மாட்டிவிட்டு இறங்கினேன். "உன்னோட முடியலம்மா" என்றார். அதற்குப் பிறகு அதைத் திருப்பினாரா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் பஸ் ஏறும்வரை திருப்பவில்லை.

திங்கட்கிழமை காலை அதே மண்டி கேட். அதே உப்புத்தோல் லாரி ரிவர்ஸில் வந்தது. பிரேக்கைத் தொடாமல் காலை எதிர்த்து அழுத்தினேன். சக்கரம் அழுத்திய இடத்தில் அடங்கி நின்றது. கேட்டில் நின்ற வாட்ச்மேன், அன்று முட்டியதைப் பார்த்தவர், "இன்னாமா, இன்னும் இந்த வண்டிதானா? கம்பெனி வேன் வரலியா?" என்று கேட்டார்.

"வரும்ணா. பின்னாடி வரும்" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தேன்.