மிளகுபோல் சேர்த்த பாயிண்ட்

நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன கம்பெனியில் எனக்கு விற்பனை வேலை. மாதத்தில் பாதி நாள் கோயம்புத்தூரில் விமானம் ஏறி எங்காவது இறங்கிக்கொண்டிருப்பேன். டிக்கெட் கம்பெனியுடையது, பறக்கப் பறக்க விமானக் கம்பெனி தரும் பாயிண்ட் மட்டும் என்னுடையது. அது போதுமான அளவு சேர்ந்தால் காசில்லாமல் டிக்கெட் எடுக்கலாம். ஓரளவு சேர்ந்ததும் கொல்லிமலையில் இருக்கும் அம்மாவிடம் போய், "ரெண்டு பேரும் டெல்லிக்குப் போய்ட்டு வந்தரலாம்மா" என்றேன்.

டெல்லியில்தான் அம்மாவின் ஒரே தம்பி இருந்தார். போர்வெல் லாரியோடு வடக்கே போனவர், அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்தது அவர் உயிர். அவரால் மலையேறி வர முடியாது. கண்ணை மூடுவதற்குள் தம்பியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லாத நாள் இல்லை.

ஆனாலும் அம்மா மிளகுக்காரி. எங்கள் மலையில் காய்ந்த மிளகை யாரும் அவசரப்பட்டு விற்க மாட்டார்கள். மூட்டை கட்டிப் போட்டு விலை ஏறட்டும் என்று பொறுத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் கிடந்தாலும் மிளகு கெடாது.

"இப்ப என்ன சாமி அவசரம்? அது பாட்டுக்குக் கெடக்கட்டும். இன்னுங் கொஞ்சம் சேந்தா உங்கொப்பனையும் கூட்டிக்கிட்டு மூணு பேருமா போலாம்" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நானும் மிளகு விற்ற காசில் படித்தவன்தானே.

தைப்பொங்கலுக்கு நான் மலையில் இருந்தபோது மாமாவின் மனைவி, என் அத்தை, டெல்லியிலிருந்து கூப்பிட்டார். "டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க கண்ணு. உங்கம்மாவ உடனே கூட்டியாங்க."

போனைத் திறந்து பாயிண்டைப் பார்த்தேன். விமானக் கம்பெனிக்காரன் சத்தமில்லாமல் ஒரு டிக்கெட்டுக்கு வேண்டிய பாயிண்டை ஏற்றிவிட்டிருந்தான். மூன்று பேர் போக நினைத்தது போய், ஒருவருக்குத்தான் தேறியது. அதுவும் போவதற்கு மட்டும். "அடப்பாவிகளா!" என்று கத்தினேன். காசு கொடுத்து எனக்கொன்று எடுக்கவும் வழியில்லை. கையிலிருந்ததை எல்லாம் அப்போதுதான் மாமாவின் வைத்தியத்துக்கு அனுப்பியிருந்தோம்.

"தனியா போயிருவியாம்மா?"

"பொறந்தவன் அங்க கெடக்கறான். நடந்து போன்னாலும் போவேன். நீ வண்டிய எடு."

காளப்பநாயக்கன்பட்டி வழியாக இறங்கிக் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தோம். விமான நிலைய வாசலில், வயதானவர்களை அழைத்துப்போகும் பெண்ணிடம் அம்மாவை ஒப்படைத்தேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் வண்டிக்குள் உட்கார்ந்து, அவள் போய்ச் சேரும்வரை மாமாவுக்கு மூச்சு இருக்க வேண்டும் என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். பாயிண்ட் கெடும் என்று யாருக்குத் தெரியும்? மரவள்ளிக்கிழங்குபோல, பிடுங்கினால் உடனே விற்றுவிட வேண்டிய சரக்கு அது.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள்.

"பாத்துட்டேன் சாமி. கண்ணு முழிச்சு என்னைய அடையாளம் கண்டுக்கிட்டான்." கொஞ்ச நேரம் அழுகை மட்டும் கேட்டது. "எப்படிக்கா இத்தன வெரசா வந்தன்னு கேட்டான். எம்பட பையன் உன்னைய பாக்கோணும்னே சேத்து வெச்சிருந்தான்டான்னு சொன்னேன்."

மறுநாள் விடிவதற்குள் மாமா போய்விட்டார்.