பம்பு மேல கொட்டின புளியங்கொட்டை

எங்க ஊரு ரங்கம்மா அத்தைய நீங்க பாத்திருக்கணும்! போச்சம்பள்ளி சுத்துவட்டாரத்துலயே அப்படி ஒரு பொறாமைய நான் பாத்ததில்ல. அதுவும் சொந்த ஓரகத்தி சம்பங்கி மேல.

எல்லாம் ஒரு ஸ்பானரால வந்தது. தொண்ணூத்திரெண்டுல வெளிநாட்டுக்காரங்க குடுத்த பணத்துல ஊருக்கு அடிபம்பு போட்டாங்க. அதப் பாத்துக்க ஒரு பொம்பளை வேணும்னாங்க. அத்தை யோசிக்கறதுக்குள்ள சம்பங்கி கையத் தூக்கிட்டா. கிருஷ்ணகிரில ட்ரெயினிங், கையில ஸ்பானர், ஊரே "மெக்கானிக்கம்மா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சிடுச்சு. அத இடுப்புல சொருகிக்கினு அவ நடந்தாலே அத்தைக்கு வயிறு எரியும்.

"ஒட்டியாணம் போட்ட மாதிரி நடக்கறா பாரு!"

நடுவுல வாஷர் தேஞ்சு பம்பு கொஞ்ச நாள் படுத்துடுச்சு. அந்த நேரம் பாத்து சேதி வருது. பணம் குடுத்தவங்க வராங்களாம். பம்பு எப்படின்னு ஆபீசருங்க சொல்லக்கூடாதாம், ஊர் பொம்பளைங்களே மார்க்கு போடணுமாம். மார்க்கு கொறஞ்சா ஸ்பானர் வேற கைக்கு மாறிடும்!

அத்தைக்குக் காலு தரையில நிக்கல. சம்பங்கிய விட பளிச்சுனு தெரியணும்னு கல்யாணப் பட்டுச்சேலையத் தேடியெடுத்துக் கட்டி, பூ வெச்சு, கூட்டத்துக்கு லேட்டாத்தான் போய்ச் சேந்துச்சு.

மாரியம்மன் கோயில் முன்னால கோலமாவுல பம்பு, ரோடு, பால்வாடின்னு வரைஞ்சு, பொம்பளைங்க அதுமேல புளியங்கொட்டை வெச்சிக்கினு இருந்தாங்க. எதுக்குன்னு அத்தை கேக்கல. போன தடவ "எது பெரிய கஷ்டம்"னு கேட்டுத்தான் கொட்டை வெக்கச் சொன்னாங்க. இதுவும் அதேதான்னு நெனச்சிடுச்சு. பம்பு மேல பாத்தா ஏதோ நாலஞ்சு கொட்டை. அடிப்பாவிங்களா, யாருமே குத்தம் சொல்லலியா! பக்கத்துல குமிச்சிருந்த கொட்டைய ரெண்டு கையாலயும் வாரிக் கொட்டுச்சு பாருங்க, பம்பு படமே மூடிப்போச்சு.

"எல்லாத்தையுமாம்மா?"ன்னார் ப்ராஜெக்ட்டு பரமசிவம் சார்.

"பத்தாது சார்! இன்னும் இருந்தா குடுங்க!"

கூட்டம் கைதட்டுது. பணம் குடுத்த வெள்ளக்கார அம்மா எழுந்து கும்பிடறாங்க. சார் சத்தமா சொல்றார்: "எது ரொம்ப பிரயோஜனம்னு கேட்டோம். ரங்கம்மா பம்ப ஜெயிக்க வெச்சிட்டாங்க. ஸ்பானர் சம்பங்கிகிட்டயே இருக்கட்டும்!"

அத்தை வாயத் தொறந்துச்சு. பேச்சு வர்றதுக்குள்ள சம்பங்கி ஓடியாந்து கட்டிப்புடிச்சு ஓன்னு அழுதா.

"அக்கா, எல்லாரும் என்னக் கைவிட்டாங்க. நீ ஒருத்திதான்க்கா..."

சத்தியமா எனக்கும் கண்ணுல தண்ணி! அத்தை அவ முதுகத் தடவிக் குடுத்துச்சு. வேற என்ன பண்ணும்?

அன்னியிலருந்து தெனம் காலைல சம்பங்கி வரிசைய நிறுத்திடுவா. "எங்கக்கா குடந்தான் மொதல்ல!" தானே அடிச்சு ரொப்பித் தருவா. சம்பங்கிக்கு என்னா நல்ல மனசுன்னு ஊரே மெச்சிக்கும். இடுப்புல அந்த ஸ்பானர் ஆடிக்கினே இருக்கும்.

அத்தை கொட்டைக் கதைய எங்கிட்ட மட்டும்தான் சொல்லுச்சு. நெறகுடத்தோட வந்து நின்னு, பல்லக் கடிச்சிக்கினு சொல்லுச்சு:

"பாத்தியா? நல்லவங்கற பேரையும் அவளே தட்டிக்கினு போயிட்டா!"