எங்கள் வைஃபைக்கு வந்த கெட்ட பெயர்

சாஃப்ட்வேர்ல தப்பு கண்டுபிடிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். அம்பத்தூர்ல ஒரு கம்பெனிக்கு டெஸ்டர். பாதி நாள் ஆபீஸ், மீதி நாள் திருவேற்காட்டு ஃப்ளாட்டோட ஹால். அடுத்தவங்க எழுதின புரோகிராம்ல ஓட்டை இருக்குன்னு போன்ல சொல்லும்போது என் குரல்ல ஒரு மிதப்பு வரும்னு என் வீட்டுக்காரர் சொல்லுவார். வரத்தான் செய்யும். அந்த மிதப்பு ஒரு வியாழக்கிழமை காலையில எப்படி இறங்குச்சுன்னுதான் சொல்ல வந்தேன்.

முதல் நாள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ். யாரோ வீட்டு வைஃபை வழியா உள்ள புகுந்து பேங்க் பணத்தை வழிச்சு எடுத்துட்டாங்களாம். யார் வீடு, எந்த ஊர், ஒண்ணும் கிடையாது. ஆபீஸ்ல ஆதாரம் இல்லாம ஒரு தப்பைக்கூட ஏத்துக்காதவ நான். இதைப் படிச்ச கையோட வீட்டு லேப்டாப்புல ஒரு விபிஎன் வாங்கிப் போட்டேன். நெட்டுல நாம போறது வர்றது யார் கண்ணுலயும் படாம மூடிக் கூட்டிட்டுப் போற ஆப் அது. 'பாதுகாப்பில்லாத வைஃபைன்னா தானாவே ஆன் ஆகணுமா?'ன்னு கேட்டுச்சு. ஆகணும் ராசா, ஆகணும்னு டிக் போட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரருக்கு வீடியோவுல இன்டர்வியூ. அவர் அம்பத்தூர்லயே பிறந்து வளர்ந்தவர், அங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல ஒரு பார்ட்ஸ் கம்பெனியில குவாலிட்டி செக்கிங் பார்த்தவர். கம்பெனியை மூடிட்டாங்க. மாசக்கணக்கா எங்கெங்கயோ எழுதிப் போட்டு, இப்பத்தான் ஒரு இடத்துல கூப்பிட்டிருந்தாங்க. இதுவும் போச்சுன்னா இனிமே மனுஷன் எழுதிப் போடவே மாட்டார்னு எனக்குப் பயம். கரையான்சாவடிக்குப் போய்ப் புதுச் சட்டை வாங்கிட்டு வந்திருந்தார். காலையிலயே குளிச்சு, சட்டை போட்டு, வீட்டுக்குள்ளயே ஷூவும் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். ஷூ போட்டாத்தான் பேச்சு வருமாம்.

பத்து மணி வாக்குல லேப்டாப்பைத் திறந்தேன். திரை முழுக்கச் சிவப்பு. 'இந்த வைஃபை பாதுகாப்பற்றது.' விபிஎன் தானா ஆன் ஆகி எங்களை ஏதோ வெளிநாட்டுல கொண்டுபோய் உட்கார வெச்சிருந்துச்சு. இன்டர்வியூ லிங்க்கைத் தட்டினா, உங்க நாட்டிலிருந்து திறக்க முடியாதுங்குது. ஆஃப் பண்ணினா அடுத்த நிமிஷமே திரும்ப முளைக்குது.

"அத்த தூக்கிக் கடாசேம்மே"ன்னார் அவர்.

"திருடன் உள்ள இருக்கான்னு அது கத்துது. கதவைத் தொறந்து போடச் சொல்றீங்களா?"ன்னு நான் எகிறினேன்.

அப்புறம் ஆரம்பிச்சது என் ஆட்டம். வைஃபை பாஸ்வேர்டை மாத்தினேன். எனக்கே திருப்பிச் சொல்லத் தெரியாத அளவுக்கு நீளமா வெச்சேன். சிவப்பு போகலை. இணைப்பு கொடுத்த கேபிள்காரருக்குப் போன் போட்டேன். "பாஸ்வேர்ட் இருக்குல்ல மேடம், சேஃப்தான்"னு பொறுமையாச் சொன்னார். எனக்கே பாடம் எடுக்கிறீங்களான்னு கத்திட்டு வெச்சேன். ஜன்னல் வழியாப் பார்த்தா, வராந்தாவுல எதிர்வீட்டு சார் போனை நோண்டிக்கிட்டு நின்னார். ஆஹா, இவர்தான்! கதவைத் திறந்து ஒரு முறை முறைச்சேன். பாவம், குட்மார்னிங் படம் அனுப்பிக்கிட்டிருந்த மனுஷன், என்ன பாவம் பண்ணோம்னு தெரியாம உள்ள போயிட்டார். கடைசியா ரவுட்டர் பின்னாடி இருக்கிற குட்டி ஓட்டைக்குள்ள சேஃப்டி பின்னை விட்டு அழுத்தினேன். செட்டிங் எல்லாம் அழிஞ்சு, இருந்த நெட்டும் போயிடுச்சு. பாதுகாப்புன்னா இதுதான் பாதுகாப்பு, இனி எந்தத் திருடனும் வர முடியாது.

அவர் என்னைத் திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்லை. "உடும்மே, அவங்க வேற ஆளைப் பாத்துப்பாங்க"ன்னு சொல்லிட்டுக் குனிஞ்சு ஷூ லேஸை அவுக்க ஆரம்பிச்சார்.

"அவுக்காதீங்க!"ன்னு அதட்டிட்டு என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டேன். அதுக்கும் பாஸ்வேர்ட் ஏற்கெனவே வெச்சிருக்கேன். லேப்டாப் இணைஞ்சுது. உடனே திரும்பவும் சிவப்பு, அதே வாக்கியம்.

அவர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மே, உன் கையில கீற போனையே திருடன்ற?"

ரெண்டு பேரும் திரையையே பார்த்தோம். அப்புறம் அவர் மெதுவாச் சொன்னார். "எங்க கம்பெனில ஒரு லாட்டு சாமான் மொத்தமும் ரிஜெக்ட் ஆச்சுன்னா, நல்ல பீஸுன்னு தெரிஞ்ச ஒண்ண எடுத்து கேஜுல வெச்சுப் பாப்போம். அத்தயும் தள்ளுச்சுன்னா பீஸு மேல தப்பில்ல. அளக்குற கேஜுதான் பூட்ச்சு."

எனக்குச் சுருக்குன்னுச்சு. அதுவரைக்கும் எச்சரிக்கையை நம்பி ஊரையே சந்தேகப்பட்டேனே தவிர, எச்சரிக்கை கொடுக்கிற ஆப்பை நான் ஒரு தடவைகூடச் சோதிக்கலை. பேருதான் டெஸ்டர். அதோட செட்டிங்கைத் திறந்தேன். மேலேயே இருந்துச்சு: லொக்கேஷன் அனுமதி மறுக்கப்பட்டது. மறுத்த மகராசி நான்தான். போடும்போதே கேட்டுச்சு, நான் எங்க இருக்கேன்னு உனக்கெதுக்குன்னு தட்டி விட்டிருக்கேன். அந்த அனுமதி இருந்தாத்தான் வைஃபைக்குப் பூட்டு இருக்கா இல்லையான்னு அதால பார்க்கவே முடியுமாம். பார்க்க முடியாதபோது எதுக்கு வம்புன்னு எல்லாத்தையும் ஆபத்துன்னு சொல்லுமாம். கீழேயே எழுதியிருந்தான். நான் எங்க படிச்சேன்?

அனுமதி கொடுத்தேன். சிவப்பு பச்சையாச்சு. விபிஎன்னை ஆஃப் பண்ணினேன், இந்தத் தடவை முளைக்கலை. லிங்க்கும் திறந்துச்சு. அவரை உட்கார வெச்சுட்டு சமையல்கட்டுக்குள்ள போய் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன்.

முதல்ல கேட்ட கேள்விக்கெல்லாம் ஒத்தை வார்த்தையில பதில். அப்புறம் அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார், "கடைசியா நீங்க பார்த்த கஸ்டமர் கம்ப்ளெயின்ட் ஒண்ணு சொல்லுங்க."

இதுக்கும் ஒத்தை வார்த்தைதான் வரும். போச்சுன்னு நினைச்சேன்.

"இன்னிக்குக் காலையில சார்"னார். "கஸ்டமர் ரொம்ப விவரமானவங்க. விவரமானவங்க கோவத்துல இருக்கும்போது குறுக்க பேசக் கூடாது. சப்ளையரைத் திட்டினாங்க. பக்கத்துல நின்னவரை முறைச்சாங்க. மெஷினையே செயலிழக்க வெச்சுட்டாங்க. நான் அமைதியா வெயிட் பண்ணேன்."

வெயிட் பண்ணாராமே! லேஸை அவுத்த ஆளு! ஹாலுக்கு ஓடிப்போய் உண்மையைப் போட்டு உடைக்கலாமான்னு இருந்துச்சு.

"தப்பு கேஜுலதான்னு நான் சொன்னேன். ஏன்னு கண்டுபிடிச்சது கஸ்டமர்தான் சார்." அதைக் கேட்டதும் கோவம் எங்க போச்சுன்னு தெரியலை.

"கஸ்டமர் திருப்தியா?"

"தெரியல சார். எனக்கு வேலை போனதுலருந்து ஒரு வார்த்தை கடிஞ்சு சொன்னதில்ல. எல்லாத்தயும் உள்ளயே வெச்சுகினு இருந்தாங்க. இன்னிக்கு வைஃபை மேல கொட்டிட்டாங்க."

அந்தப் பக்கம் பலமாச் சிரிச்சாங்க. நான் கைப்பிடித் துணியை வாயில வெச்சு அழுத்திக்கிட்டு நின்னேன். அழுகை நிக்கலை. நான் மறைச்சது எதுவும் மறையலை, இத்தனை நாளும் அந்த மனுஷனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு.

சிரிச்சு முடிச்சு, "எப்ப வந்து சேர முடியும்?"னு கேட்டாங்க.

அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள சமையல்கட்டுலருந்து நான் கத்திட்டேன்.

"நாளைக்கே!"